கெட்டில் வந்தாச்சு

பிரேக் வாத்தியாருக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது அவருடைய வலது கால். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியில் பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக் இருக்கும். மாணவர் சுவரைப் பார்த்துப் போனால் வாத்தியார் அமுக்கி நிறுத்துவதற்காக. அந்தப் பிரேக்கின் மேலேயே காலமெல்லாம் குடியிருந்த கால் அது. வீட்டில் டிவியில் யாராவது வேகமாக ஓடினால் தரையை அமுக்கும். மனைவி கடைக்காரரிடம் குரலை உயர்த்தினால் அமுக்கும். தூக்கத்திலும் அமுக்கும். "மிதிச்சு மிதிச்சு நிறுத்தறாரு. நான் எங்க ஓடிட்டேன்?" என்று அந்த அம்மாள் அக்கம்பக்கத்தில் கேட்காத ஆள் பாக்கியில்லை.

ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மீதிப் பேர் அவரிடம் படித்தவர்களைக் கண்டு ஒதுங்கி ஓட்டுகிறவர்கள். நல்ல வாத்தியார்தான், அதில் பொய்யில்லை. கத்த மாட்டார், முகம் சுளிக்க மாட்டார், எத்தனை தடவை கேட்டாலும் பதில் சொல்வார். வம்பே அந்தப் பதிலில்தான் இருந்தது. "தெரியாது" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. மழை எப்போது வரும், பல்வலிக்கு எதைப் பூசலாம், பக்கத்து நாட்டுத் தேர்தலில் யார் ஜெயிப்பார்கள், எதைக் கேட்டாலும் கண்ணாடியைச் சரிசெய்கிற பாவனையில் ஒரு நொடி மேலே பார்ப்பார். பிறகு பதில் வந்துவிடும். வாத்தியாரிடம் பதில் இல்லையென்று தெரிந்தால் மாணவன் பயத்தில் ஸ்டீயரிங்கையே விட்டுவிடுவான் என்பது அவர் கட்சி.

இந்தப் பதில்களை ஒன்று விடாமல் நம்பி வளர்ந்தவள் அவருடைய ஒரே மகள். சின்ன வயதில் அவளுக்கு ஒரு கண்ணாடித் தொட்டியும் அதில் ஓர் ஆரஞ்சு நிற மீனும் இருந்தன. ஒருநாள் காலையில் தொட்டி காலியாக இருந்தது. மீன் எங்கே என்று கேட்டாள். "கூடப்பொறந்தவங்களைப் பார்க்க ஆத்துக்குப் போயிருக்கும்மா" என்றார். எப்படிப் போனது என்று கேட்டாள். "குழாய் வழியா" என்றார். அதைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி, சிரித்தவர்களோடு சண்டை போட்டு, முழங்கை சிராய்த்து வீட்டுக்கு வந்தாள். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இப்போது கல்யாணமாகி வேறு ஊரில் மாமியாரோடு இருக்கிறாள், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். இன்னமும் எந்தப் பேச்சையும் "அப்பா சொல்லியிருக்காரு" என்றுதான் முடிப்பாள். வாத்தியாருக்கு இந்த உலகத்தில் பெரிய சொத்து என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்த வாக்கியம்தான்.

வண்டியை இத்தனை நன்றாக ஓட்டத் தெரிந்தவர், வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்ததில்லை. பானெட்டைத் திறப்பதில் அவருக்கு ஒரு கூச்சம், அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறப்பது போல. வாங்கிய புதிதில் ஒருமுறை எஞ்சின் ஆயில் மாற்றினார். அப்போது கடைக்காரர் முன்கண்ணாடியின் மூலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, மீட்டர் எதைக் காட்டும்போது அடுத்து மாற்ற வேண்டும் என்று எழுதி வைத்தார். மீட்டர் அந்த எண்ணுக்கு வரவே இல்லை. எப்படி வரும்? பயிற்சி வண்டி மைதானத்தில் எட்டுப் போடும், ரிவர்ஸில் வரும், சுவரோரம் ஒதுங்கும், ஒதுங்கிய இடத்திலேயே எஞ்சின் ஓட ஓட நின்று திட்டு வாங்கும். எஞ்சின் காலையிலிருந்து சாயங்காலம்வரை உழைத்து ஓடாகத் தேய்ந்தது. மீட்டரைப் பார்த்தால் வண்டி போன மாதம் வாங்கியது போல இருந்தது.

வாத்தியார் இதிலிருந்து ஒரு தத்துவத்தையே கண்டுபிடித்தார். ஆயில் கெடுவது வேகத்தில்தான், நிதானமாக ஓட்டுகிறவனுக்கு ஒரு தடவை ஊற்றிய ஆயில் ஆயுசுக்கும் வரும். அதைப் பாடத்திலும் சேர்த்துவிட்டார். மாணவர்களுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். வேலையைக் குறைக்கிற அறிவுரையை யார் வேண்டாம் என்பார்கள்?

ஒருநாள் மத்தியானம், நல்ல வெயிலில், கணக்கு டீச்சர் ஸ்டீயரிங்கில் இருந்தார். ஓய்வுபெற்றவர். வளைவின் கோணத்தை மனதுக்குள் போட்டு முடிப்பதற்குள் வளைவே தாண்டிவிடும் என்பதால் டெஸ்ட்டில் தேறாமலே வாத்தியாருக்கு நிரந்தர மாணவியாகிவிட்டவர். பின் சீட்டில் தையல்காரரும் தபால் ஆபீஸ் கிளார்க்கும் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள்.

"சார், இங்க சிவப்பா ஒண்ணு எரியுதே" என்றார் டீச்சர். "டீ கெட்டில் மாதிரி இருக்கு. மூக்குல ஒரு சொட்டு வேற. என்ன சார் அது?"

வாத்தியார் எட்டிப் பார்த்தார். எரியத்தான் செய்தது. அதற்கு முன்னால் அவர் அதைப் பார்த்ததில்லை. சிவப்பாக, புதிதாக, கேட்காமலே வந்து நிற்கிற எதுவும் நல்லதற்கு வராது என்று அவர் உள்மனதுக்குத் தெரிந்தது. "தெரியலைம்மா, ஓரமா நிறுத்துங்க, என்னன்னு பார்ப்போம்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கண்ணாடியில் பின் சீட்டின் நாலு கண்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அவர் மேலே பார்த்தார்.

"அதுவா? எஞ்சின் பதமாயிடுச்சுன்னு அர்த்தம். கெட்டில் கொதிச்சாத்தானே டீ போட முடியும்? அந்த மாதிரி, இப்பத்தான் வண்டி ஓட்டுறதுக்கு ரெடி."

"அப்ப இத்தனை நாளா ஏன் வரல?"

"வண்டிக்கு ஓட்டுறவங்க கையைப் பிடிக்கணும்ல? உங்க கை இப்பத்தான் பிடிச்சிருக்கு."

டீச்சருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கணக்குப் போடாமல் ஒரு வளைவைத் திருப்பினார். பின் சீட்டிலிருந்து தையல்காரர், "எனக்கும் வருமா சார்?" என்று ஏக்கத்தோடு கேட்டார். "பொறுமையா ஓட்டுங்க, வரும்" என்றார் வாத்தியார்.

வந்தது. தையல்காரருக்கு வந்தது, கிளார்க்குக்கு வந்தது, அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கெல்லாம் முதல் நாளே வந்தது. "கண்ணாடி பார்த்தாச்சு, பெல்ட் போட்டாச்சு, கெட்டில் வந்தாச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் கியரில் கை வைக்க வேண்டும் என்று பாடம் திருத்தப்பட்டது. கொஞ்ச நாளில் எஞ்சினிலிருந்து டக் டக் என்று ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது. அதற்கு "எஞ்சின் பேச ஆரம்பிச்சிருக்கு" என்று விளக்கம் சொன்னார். விடுமுறைக்கு வந்திருந்த மகளும் இதே வண்டியில்தான், இதே பாடத்தைத்தான் படித்தாள். இதில் பெரிய வேடிக்கை, போகப் போக வாத்தியாருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. காலையில் கெட்டில் வரக் கொஞ்சம் தாமதமானால் அவருக்கு அன்றைக்கு மனசே சரியில்லாமல் இருக்கும்.

படித்தவர்கள் ஒவ்வொருவராக லைசென்ஸ் வாங்கினார்கள், சொந்தமாகக் கார் வாங்கினார்கள். புதுக் காரில் சாவியைத் திருப்பும்போது விளக்கு எட்டிப் பார்த்துவிட்டு உடனே அணைந்துவிடும். இது அவர்களுக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. கிளார்க் ஷோரூமுக்கே போய், விளக்கு வேலை செய்யவில்லை, மாற்றித் தாருங்கள் என்று சண்டை போட்டுவிட்டு வந்தார். அப்புறம் எல்லோரும் நிதானமாக ஓட்டினார்கள், நிதானமாக ஓட்டியதால் ஆயிலைத் தொடவில்லை, தொடாததால் ஒருநாள் கெட்டில் வந்தே விட்டது. தையல்காரர் அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். அந்த வாரமே அவர் பழைய சைக்கிளில் போவதைப் பார்த்தவர்கள் உண்டு. ஊர்க்கண் பட்டுவிட்டது என்று அவரே ஒரு காரணத்தையும் சொல்லிக்கொண்டார். வாத்தியாரும் அதை மறுக்கவில்லை.

தெருமுனையில் கார் பட்டறை வைத்திருந்தவரை ஊரில் நட்டு அண்ணன் என்பார்கள். இத்தனை காலமும் தகரக் கொட்டகைதான். இப்போது தளம் போட்டு, பக்கத்து மனையையும் வளைத்து, வாடிக்கையாளர் உட்கார ஏசி அறை வேறு கட்டிவிட்டார். அந்த நட்டு அண்ணன் ஒருநாள் காலையில் ஒரு பெரிய சுழல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு டிரைவிங் ஸ்கூல் ஆபீஸுக்குள் வந்தார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத நாற்காலி.

"என்ன நட்டு இது? எனக்கெதுக்கு?"

"எல்லாம் உங்க புண்ணியம் வாத்தியாரே. மறுக்காம வாங்கிக்கணும்."

"நான் என்ன பண்ணேன்?"

"இந்தத் தன்னடக்கம்தான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது" என்றார் நட்டு அண்ணன். "வாரத்துக்கு ஒரு எஞ்சினாவது சிக்கிப்போய் வருது. திறந்து பார்த்தா உள்ள ஆயில் இல்ல, தார் இருக்கு. விளக்கு எரியலையான்னு கேட்டா, 'நல்லா எரிஞ்சுது அண்ணே'ன்னு சந்தோஷமா சொல்றாங்க! எரிஞ்சா நிறுத்தணுமேய்யான்னா, என்னைப் பைத்தியக்காரனைப் பார்க்கற மாதிரி பார்க்கறாங்க. எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டா எல்லாருக்கும் ஒரே பதில். நான் ஏன் அவங்களைத் திருத்தப் போறேன்? நீங்களும் பாடத்தை மட்டும் மாத்திடாதீங்க."

வாத்தியார் நாற்காலியிலிருந்து கையை எடுத்தார். "கெட்டில்..." என்று ஆரம்பித்தார்.

"கெட்டிலாம் கெட்டில்! நல்லா பேர் வச்சீங்க!" நட்டு அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஆயில் கேன் படத்தைப் போட்டு, சொட்டு ஆயிலும் போட்டுக் காட்டியிருக்கான். உள்ள ஆயில் போகல, உடனே நிறுத்துடான்னு எஞ்சின் கெஞ்சுது. நிறுத்தாம ஓட்டினா இரும்பும் இரும்பும் தேய்ஞ்சு அப்படியே பிடிச்சுக்கும். அதோட முடிஞ்சுது கதை. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியாமலா?" என்றார் வாத்தியார். பழக்கதோஷம்.

நட்டு அண்ணன் போனதும் வாத்தியார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். வலது கால் தரையை அமுக்கியது. நாற்காலி அரை வட்டம் சுற்றி அவரைச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டு நின்றது. முதலில் தையல்காரரின் சைக்கிள் ஞாபகம் வந்தது. அடுத்தது மகள்.

மகள் போன வருஷம் சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு பழைய கார் வாங்கியிருந்தாள். மாமியாருக்கு அது துளிக்கூடப் பிடிக்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரில்தான் மாமியாரை உட்கார வைத்து, முதல் தடவையாக இவ்வளவு தூரம் தானே ஓட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வருவதாக இருந்தாள். அதற்கு மாமியார் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். வண்டி எங்கேயாவது நடுவழியில் நின்றுவிட்டால் சாவியை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும், அதற்கப்புறம் கார் பேச்சே எடுக்கக் கூடாது. "சரின்னுட்டேன்பா" என்று மகள் போனில் சிரித்திருந்தாள். "நீங்க சொல்லிக்கொடுத்த கை. நிக்குமா?"

அந்த நிமிடமே அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். போனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். என்னவென்று சொல்வது? தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னேன் என்றா? அந்தக் குழந்தை முழங்கை சிராய்த்துக்கொண்டு காப்பாற்றி வைத்திருக்கிற நம்பிக்கையைத் தன் கையாலேயே எப்படி உடைப்பது? கடைசியில் ஒரு வழி தோன்றியது. அவள் வந்து சேரட்டும். கழுவிக்கொண்டு வருகிறேன் என்று வண்டியை எடுத்துப் போய், ஓசைப்படாமல் ஆயிலை மாற்றி, அந்த விளக்கைப் பற்றியும் பேச்சோடு பேச்சாகப் பூசி மெழுகிவிடலாம். ஞாயிற்றுக்கிழமைவரைதானே, அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது? ஸ்டிக்கரைப் பார்த்துப் பார்த்து இத்தனை வருஷமும் தான் நினைத்தது இதையேதான் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

தன் வண்டிக்கு மட்டும் உடனே வைத்தியம் பார்த்தார். நட்டு அண்ணனிடம் போக முடியாது. ஊருக்கு வெளியே, யாருக்கும் தன்னைத் தெரியாத ஒரு பட்டறைக்கு, தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டு, ஸ்கூல் பலகையின் மேல் துண்டைப் போர்த்திவிட்டுப் போனார். அங்கே எஞ்சினின் அடியில் ஆயில் வடிக்கும் அடைப்பைத் திறந்ததும் எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மனசில்லாமல், கறுப்பாக ஒன்று இறங்கி வந்தது. பட்டறைக்காரர் பக்கத்துக் கடைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். "எந்த மகராசன் வண்டி இது?" என்று ஒருவர் கேட்டபோது, வாத்தியாரும் கூட்டத்தோடு சேர்ந்து உச்சுக்கொட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம் போல வகுப்பு இருந்தது. கணக்கு டீச்சர் ஸ்டீயரிங்கில். பின் சீட்டில் தையல்காரரின் மனைவியும், ஒரு பல் டாக்டரும். டீச்சர் எஞ்சினைக் கிளப்பினார். கண்ணாடி பார்த்தார், பெல்ட் போட்டார். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"கெட்டில் வரல சார்."

"பரவால்ல, எடுங்க."

"அதெப்படி? பாடத்தை மீறச் சொல்றீங்களா?"

"வெயில் இன்னும் ஏறலம்மா. அதான் வரல."

"மழை நாள்லயே வந்துச்சே" என்றார் பின்னாலிருந்து தையல்காரரின் மனைவி. "எங்க வீட்டு வண்டியிலதான் வந்த வேகத்துல எஞ்சினே போச்சு. இதுலயாவது நிலைச்சு எரியுதேன்னு பார்த்தா, இப்ப இதுவும் இல்ல. எதுக்கும் பிரிச்சுப் பார்த்துடுங்க சார்."

அவருக்கு என்ன பதில் சொல்வது என்று வாத்தியார் மேலே பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வண்டிக்குள் போனைக் காதில் வைக்கக் கூடாது, ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும் என்பது அவர் நடத்துகிற பாடங்களில் ஒன்று. அது சரியான பாடம். அதை அவர் மீறியதில்லை. மகளின் குரல் வண்டி முழுக்கக் கேட்டது.

"அப்பா! எங்களுக்கு என்ன வந்திருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்!"

"என்னம்மா?"

"கெட்டில் வந்தாச்சு! பாதி தூரம் வந்துட்டோம். அத்தைக்குக் கூட காட்டினேன்."

"கொடுத்து வச்ச பொண்ணு" என்றார் டீச்சர் பொறாமையோடு.

வாத்தியார் போன் பக்கம் குனிந்தார். "எப்பம்மா வந்துச்சு?"

"இப்பத்தான், மேட்டுல ஏறும்போது. முதல்ல விட்டு விட்டு எரிஞ்சுது. இப்ப நின்னு எரியுது."

"சரி, சரி. ரொம்ப சந்தோஷம். ஓரமா நிறுத்தி ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்."

"நிறுத்துறதா? கெட்டில் வந்தப்புறம் நிறுத்தினா பதம் போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்தான். சம்பந்தியம்மாவுக்குக் கால் மரத்துப் போயிருக்கும்ல, கொஞ்சம் நடக்கட்டும்."

"என் கால் நல்லாத்தான் இருக்கு" என்று தூரத்தில் மாமியாரின் குரல் கேட்டது.

"அந்தப் பக்கம் ரோடு சரியில்லைன்னு சொன்னாங்கம்மா."

"ரோடு புதுசா போட்டிருக்காங்கப்பா, வழவழன்னு இருக்கு."

"ஏதாவது சத்தம் கேக்குதா?"

"லேசா டக் டக்னு. எஞ்சின் பேச ஆரம்பிச்சிருச்சுப்பா!"

அவள் ஒன்றையும் மறக்கவில்லை. அவர் தப்பிக்கப் பார்த்த ஒவ்வொரு வழியிலும் அவர் சொல்லிக்கொடுத்த பாடமே குறுக்கே வந்து நின்றது. கடைசியாக ஒரு தடவை மேலே பார்த்தார். கண்ணாடியில் தையல்காரரின் மனைவி தெரிந்தார். பதில் எதுவும் தெரியவில்லை.

"வண்டியை நிறுத்தும்மா."

"அப்பா?"

"நிறுத்து. எஞ்சினை அணை. அது கெட்டில் இல்ல. ஆயில் இல்லேன்னு சொல்ற விளக்கு. இப்படியே ஓட்டினா எஞ்சின் போயிடும். எனக்கு அன்னிக்குத் தெரியாது. தெரியாமலே தெரியும்னு சொல்லிட்டேன்."

போனில் டக் டக் என்பது மட்டும் கேட்டது. பிறகு மகளின் குரல் பயந்து போய் வந்தது.

"அப்பா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கேம்மா. நீ நிறுத்து முதல்ல."

"இல்ல, நீங்க இப்படிப் பேசவே மாட்டீங்க. பக்கத்துல யாராவது மிரட்டுறாங்களா? பயப்படாதீங்கப்பா. நான் வந்துட்டேன். இதோ, வேகமா வந்துடறேன்!"

டக் டக் என்றது இப்போது டகடகவென்று கேட்டது. "ஐயோ, வேகமா வராதே!" என்று வாத்தியார் அலறினார். அவர் வலது கால் பிரேக்கைத் தரையோடு தரையாக அமுக்கிக்கொண்டிருந்தது. நின்றுகொண்டிருந்த வண்டியில் அமுக்கி என்ன பிரயோஜனம்? இனிமேல் மறைத்து வைக்க மானம் மரியாதை என்று ஒன்றும் பாக்கியில்லை என்று தெரிந்ததும் அவருக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

"சம்பந்தியம்மா! சம்பந்தியம்மா, நீங்க சொல்லுங்க அவளுக்கு! எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எப்பவும் சொல்லுவீங்களே, அது நிஜம்தான். சத்தியமா நிஜம்!"

அந்த அம்மாள் இதற்காகவே பல வருஷம் காத்திருந்தவர் போலப் பேசினார். "கேட்டியாடி? அவர் வாயாலயே சொல்லிட்டார். சிவப்பு விளக்கு எரிஞ்சா எந்த ஊர்ல போகச் சொல்றாங்க? அப்பவே கேட்டேன். கேட்டா, 'அப்பா சொல்லியிருக்காரு'! இப்ப நான் சொல்றேன், நிறுத்து. ஓரமா நிறுத்தப் போறியா, இல்ல நான் கத்தட்டுமா?"

சக்கரங்கள் சரளைக்கல்லில் ஏறும் சத்தம் கேட்டது. டக் டக் நின்றது. வாத்தியாருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஊரே நம்பிய மனிதரை ஒருநாளும் நம்பாத ஒருவர் அந்த வண்டியில் இருந்தார், அதனால் எஞ்சின் பிழைத்தது.

"நின்னாச்சு சம்பந்தி" என்றார் மாமியார். "வேற என்னென்ன தெரியாம சொல்லி வச்சிருக்கீங்க? இப்பவே சொல்லிடுங்க. வழியிலயே சரிபண்ணிட்டு வர்றோம்."

வாத்தியார் போனை வைத்தார். பல் டாக்டர் மெல்ல பெல்ட்டைக் கழற்றினார். தையல்காரரின் மனைவி, "அப்ப எங்க வண்டி?" என்று ஆரம்பித்தவர், பாதியிலேயே இறங்கி, கதவைச் சாத்தாமலே நடந்தார். அவர் கத்தியிருந்தால் வாத்தியாருக்குத் தேவலை என்று இருந்திருக்கும். டீச்சர் மட்டும் இறங்கவில்லை. "சார், மோதப் போறோம்னு தெரிஞ்சா கண்ணை மூடக் கூடாதுன்னு சொன்னீங்களே, அதுவாவது நிஜமா?" என்று கேட்டார்.

"அது நிஜம்தான் டீச்சர்."

"நல்லதாப் போச்சு. அது ஒண்ணைத்தான் நான் ஒழுங்கா செய்யறேன்" என்றார் டீச்சர்.

சாயங்காலம் மகளின் வண்டி வந்து வாசலில் நின்றது. சத்தமில்லாமல் வந்தது. வழியில் பெட்ரோல் பங்கில் ஆயில் வாங்கி ஊற்றியிருந்தார்கள். மாமியார்தான் முதலில் இறங்கினார். வாத்தியார் யார் கையில் சாவி இருக்கிறது என்று பார்த்தார். வேறு எதையும் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. சாவி மகளின் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பார்க்காதீங்க, அவகிட்டதான் இருக்கு" என்றார் மாமியார். "வண்டி நின்னா சாவின்னு சொன்னேன். வண்டி நிக்கல, நான் நிறுத்தினேன். பொண்ணு நல்லாத்தான் ஓட்டுறா, மேட்டுலகூட ஒரு குலுக்கல் இல்ல. இனிமே நான் பக்கத்துல உக்காந்து அந்த விளக்கைப் பார்த்துக்கறேன். உங்க பேச்சைக் கேக்காம இருந்தா போதும், அவ உலகத்தையே சுத்தி வருவா." சொல்லிவிட்டு உள்ளே போய், வாத்தியார் வழக்கமாக உட்காருகிற இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

மகள் நேராக வண்டியின் முன்பக்கம் போனாள். பானெட்டைத் திறந்தாள். பங்கில் யாரோ காட்டிக்கொடுத்திருக்க வேண்டும், ஆயில் பார்க்கும் கம்பியைச் சரியாகக் கண்டுபிடித்து உருவினாள். துணியில் துடைத்தாள், மறுபடி உள்ளே விட்டு உருவினாள். வேலையில் ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பார்ப்பது போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வாத்தியார் பக்கத்தில் போய் நின்றார். ஒரு வண்டியின் வயிற்றுக்குள் அவர் தலையை விட்டுப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இந்தக் கோடு வரைக்கும் இருக்கணும்பா."

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். காலையில் சொன்னதைவிட இப்போது சுலபமாக வந்தது.

அவள் கம்பியை உள்ளே செருகி, பானெட்டை மூடினாள். விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், "அப்பா" என்றாள்.

"என்னம்மா?"

"அந்த ஆரஞ்சு மீன். நிஜமாவே ஆத்துக்குத்தான் போச்சா?"

டீயோடு வாசலுக்கு வந்த அவர் மனைவி அப்படியே நின்றுவிட்டார். வாத்தியாரின் வலது கால் தரையை அமுக்கியது. அமுக்கி அமுக்கிப் பார்த்தது. மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொட்டித் தண்ணியை நான் மாத்தலம்மா" என்றார்.